கோணமூக்கு உள்ளான் வந்த குளம்

நவம்பர் 12

அன்புள்ள டீச்சருக்கு,

நான் நலம். நீயும் உன் தங்கையும் எப்படி இருக்கிறீர்கள்? ஏரிக்கு இந்த வருஷம் விருந்தாளிகள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். நேற்று காலை கரையில் கால் வைத்ததும் ஊசிவால் வாத்துகள் கூட்டமாக எழும்பி, ஒரு வட்டமடித்து, நான் நின்ற பக்கமே வந்து இறங்கின. நம்மூர்ப் பறவை பார்ப்போர் குழுவில் படம் போட்டேன். குழுவில் இருக்கும் தபால்காரர், "அண்ணே, கொடுத்து வச்ச ஆளு நீங்க" என்று எழுதியிருந்தார்.

நீ இல்லாத வீடுதான் சரியில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் காப்பியில் உப்பைப் போட்டுக் குடித்தேன். தங்கைக்கு இடுப்பு ஆபரேஷன், இரண்டு மாதத்தில் வந்துவிடுவேன் என்று போனாய். இது இரண்டாவது குளிர்காலம். போனில் கேட்டால் சண்டையாகிவிடுகிறது. எழுதினால் பாதிக் கோபம் தபால்பெட்டியிலேயே தங்கிவிடும் என்றுதான் எழுதுகிறேன். எப்போது வருகிறாய்?

உன் மருந்துக்கடைக்காரன்


நவம்பர் 25

அன்புள்ள மருந்துக்கடைக்காரருக்கு,

உப்புக் காப்பிக் கதையைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்போது மாடிப்படியே ஏறுகிறாள். பிறகு நான் ஏன் இன்னும் இங்கே என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் எனக்கே இன்னும் வாயில் வரவில்லை.

ஒரு சேதி. இவள் பால்கனிக்குக் கீழே, பெரிய ரோட்டை ஒட்டி ஒரு குளம் கிடக்கிறது. மழைத்தண்ணீர் தேங்க வெட்டியது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் பழைய பைனாகுலரோடு தினமும் காலையில் உட்கார்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நீங்கள் என்னை ஏரிக்கு வா என்றதில்லை. நானும் வரட்டுமா என்று கேட்டதில்லை.

நேற்று ஒரு பறவை வந்தது. வெள்ளை உடம்பில் கறுப்புப் பட்டை. மெல்லிசான மூக்கு, நுனி மேல்நோக்கி வளைந்திருக்கிறது. தரை துடைக்கிற மாதிரி அதைத் தண்ணீரில் இப்படியும் அப்படியும் வீசி மேய்கிறது. புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். கோணமூக்கு உள்ளான்! நானே கண்டுபிடித்த முதல் பறவை. உங்களுக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

உங்கள் டீச்சர்


டிசம்பர் 4

அன்புள்ள டீச்சருக்கு,

அது கோணமூக்கு உள்ளான் இல்லை. அது உப்பளத்துக்கும் பெரிய சதுப்புக்கும் வருகிற பறவை. ரோட்டோரக் குட்டைக்கெல்லாம் வராது. நீ பார்த்தது பவளக்கால் உள்ளான். அதுவும் கறுப்பு வெள்ளைதான். அதன் மூக்கு நேராக இருக்கும். தண்ணீரின் பளபளப்பில் உனக்கு வளைந்து தெரிந்திருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. அந்த ஊர்ப் பறவைக் குழுவில் எழுதிவிடாதே, சிரிப்பார்கள்.

குழாயை நானே சரிசெய்தேன். இப்போது அதிகமாக ஒழுகுகிறது.

உன் மருந்துக்கடைக்காரன்


டிசம்பர் 18

அன்புள்ள உங்களுக்கு,

பவளக்கால் உள்ளானுக்குக் கால் சிவப்பு. நான் பார்த்ததற்குக் கால் சாம்பல் நீலம். கால் என்ன நிறம் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

குழுவில் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு பேர் வந்தார்கள். அதில் ஒரு பல் டாக்டரம்மா, டெலஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எத்தனையோ வருஷமா இந்த ஊர்ல பாக்குறேன், இது எனக்கு முதல் தடவை. எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்றாள். அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.

குத்திக்காட்ட எழுதவில்லை. பறவை இன்னும் இங்கேதான் இருக்கிறது. ஒருமுறை வாருங்களேன். பறவைக்காக மட்டும் கூப்பிடவில்லை.

டீச்சர்


ஜனவரி 10

அன்புள்ள உங்களுக்கு,

பத்திரமாக வீடு சேர்ந்திருப்பீர்கள். நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை நீங்கள் பஸ்ஸைவிட்டு இறங்குவதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். அடுப்பில் பால் வைக்க உள்ளே ஓடினேன். திரும்பி வந்தால் நீங்கள் குளத்தங்கரையில் நிற்கிறீர்கள். தோளில் பை, கண்ணில் பைனாகுலர். பால் பொங்கி, ஆறி, ஆடை கட்டிவிட்டது. ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால் கை காட்டியிருப்பேன்.

மணி அடித்ததும் நானே ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். இத்தனை மாதம் கழித்து நீங்கள் சொன்ன முதல் வார்த்தை: "நீ சொன்னது சரிதான். கோணமூக்குதான்."

எனக்கு மார்க் போட்டீர்கள். பிள்ளைகளுக்கு மார்க் போட்டே காலம் தள்ளியவள் நான். வாங்குகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதை உங்களோடு வாழ்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

நான் இனி திரும்பி வரப்போவதில்லை. கோபம் இல்லை. உண்மையாகவே இல்லை. சர்க்கரை டப்பா மேல்தட்டில் இடது ஓரம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சர்


ஜனவரி 21

அன்புள்ள டீச்சருக்கு,

என் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டு வந்தால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அது ஒரு பாதி. மறுபாதி, பஸ்ஸைவிட்டு இறங்கியதும் எனக்குப் பயமாகிவிட்டது. என்ன சொல்லிக்கொண்டு படியேறுவது? குளத்தங்கரையில் என்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்.

முடியை வெட்டியிருந்தாய். கதவைத் திறந்ததுமே பார்த்தேன். நன்றாக இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம்.

ஒரு வரியாவது எழுது.

உன் மருந்துக்கடைக்காரன்


நவம்பர் 6

அன்புள்ள உனக்கு,

கோடை போயிற்று, மழையும் வந்துவிட்டது. உன் பதில் வரவில்லை. உன் தங்கை மட்டும் போனில், "அக்கா நல்லாருக்கா அத்தான், நீங்க உடம்பப் பாத்துக்குங்க" என்கிறாள். அதற்குமேல் அவளைக் கேட்பது நியாயமில்லை.

உன் ஊர்க் குழுவில் நானும் சேர்ந்திருக்கிறேன். ஒன்றும் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. போன வாரம் சாம்பல் வாலாட்டி என்று நீ போட்ட படத்தைப் பார்த்தேன். அது மஞ்சள் வாலாட்டி. உடனே விரல் துறுதுறுத்தது. போனை மேஜையில் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் பல் டாக்டரம்மா எழுதியிருக்கிறாள்: "அக்கா, முதுகு கொஞ்சம் பச்சையா தெரியுதே, மஞ்சள் வாலாட்டியா இருக்குமோ?" அதற்கு நீ, "அட ஆமா! நல்லவேளை சொன்னே" என்று எழுதியிருக்கிறாய்.

அந்த இரண்டு வரிகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதும் நான் சொல்லியிருக்கக்கூடியதும் ஒன்றுதான். ஆனால் நான் உன்னிடம் எதையும் அப்படிக் கேட்டதே இல்லையே.

உன்
மருந்துக்கடைக்காரன்