பூனைக்கு வாங்கிய ஃபிரேம்

உன் அம்மா இன்று காலை வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். கோவில்பட்டி வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் உன் படம்தான். கூடவே ஒரு குரல் பதிவு. "வருசத் திதி வருது பாத்துக்கோ. இந்த ஃபிரேமுக்குள்ள அட்டை ஒரு பக்கம் அகலமா, ஒரு பக்கம் ஒடுக்கமா இருக்கு. எந்தக் கடைக்காரன் செஞ்சானோ. புதுசா மாத்திரலாம்னு இருக்கோம்."

நான் பதில் போடவில்லை. ஆபீஸ் போனேன், இரண்டு மீட்டிங்கில் பேசினேன், லேக் மார்க்கெட்டில் இறங்கித் தோசை மாவும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு பெஹாலாவில் நாம் இருவரும் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நீ போனதிலிருந்து எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. வேலை ஓடுகிறது, சாப்பாடு இறங்குகிறது. உன்னைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை பேச வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த அட்டையை வெட்டியது யார் என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது குப்பைக்குப் போய்விடும்.

அது பூனைக்காக வெட்டிய அட்டை. குளிர்காலச் சந்தையில் நீ ஆசைப்பட்டு வாங்கிய அச்சுப் படம். நெற்றியில் நாமம் இழுத்துக்கொண்டு, வாயில் இறாலைக் கவ்வியபடி, ஒன்றும் தெரியாதது போல் நிற்கும் பூனை. "நம்ம டீம் லீட் மாதிரியே இல்ல?" என்று நீ கேட்டாய். அதற்கப்புறம் மீட்டிங்கில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சிரமமாகிவிட்டது. பவானிபூர் ஃபிரேம் கடையில் விலையைக் கேட்டதும் நீ படத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாய். "பூனையவிட அதோட சட்டை நாலு மடங்கா? நாமளே தைப்போம் வா."

நடைபாதையில், பனிமலையும் ஏரியுமாக ஒரு சீனரி, சட்டம் கண்ணாடியோடு மலிவாகக் கிடைத்தது. "மலை வேண்டாம் தாதா, நீங்களே வெச்சுக்கோங்க, அதுக்குக் கொஞ்சம் குறைங்க" என்று அந்தக் கடைக்கார அண்ணனிடம் உன் ஓட்டை பெங்காலியில் பேரம் பேசினாய். அவர் சிரித்துவிட்டுக் குறைத்தார், மலையையும் கையில் கொடுத்தார்.

சட்டம் பூனையைவிடப் பெரிது. சுற்றியுள்ள இடத்தை நிரப்பத் தடித்த அட்டை ஒன்று வாங்கி, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஸ்டீல் ஸ்கேலும் பிளேடுமாக நடுவில் ஒரு ஜன்னல் வெட்டினாய். ஒரு பக்கம் கோணிவிட்டது. நான் முகத்தைச் சுளித்தேன். "யாரும் ஸ்கேல் வச்சுப் பாக்கப் போறதில்லடி" என்றாய். உன் அம்மா பார்த்துவிட்டார்.

அப்புறம் காய்ச்சல். டெங்கு என்றார்கள். தெருவில் பூஜா திருவிழாவுக்குப் பந்தல் விளக்கெல்லாம் போட்டு முடித்த அன்று நீ இல்லை. உன் அண்ணன் வந்தார். படையலுக்குப் படம் வேண்டும் என்றார். "பூஜா முடியும்வரை எந்தக் கடையும் திறக்காது" என்று நாம் பௌதி என்று கூப்பிடும் கீழ் வீட்டு அண்ணி கையை விரித்தார். உன் ஐடி கார்டு போட்டோவை அவர் வீட்டு பிரிண்டரில்தான் பெரிதாக எடுத்தோம். அண்ணன் சுவரில் மாட்டியிருந்த பூனையைப் பார்த்தார்.

"இந்த ஃபிரேம் யாருதும்மா?"

"அவளோடது."

"எடுத்துக்கலாமா?"

தலையாட்டினேன். நானேதான் பின்பக்க ஆணிகளை ஸ்பூனால் நிமிர்த்தினேன். பூனையை எடுத்துவிட்டு உன்னை வைத்தேன். நீ வெட்டிய ஜன்னலுக்குள் உன் முகம் சரியாக உட்கார்ந்தது. கண்ணாடியில் கைரேகை இருக்கிறது, துடைக்க வேண்டும் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. பூனையை வெறும் டேப் போட்டு அதே இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்று மாவை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு உன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"மாத்தாதீங்கம்மா. அந்த அட்டைய அவதான் வெட்டினா."

"அவ கையாலயா?" என்றார்.

"ஆமாம்மா."

"முழுசாச் சொல்லுட்டி."

சொன்னேன். நாமம் போட்ட பூனையைச் சொன்னபோது சிரித்தார், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினார். எனக்கு இரண்டும் வரவில்லை, பேச்சு மட்டும் வந்தது.

"கண்ணாடிக்குள்ளல்லா இருக்கு. தொட முடியாதே" என்றார்.

கழற்றலாம் என்றேன். துண்டை விரித்துக் கவிழ்த்து வையுங்கள், ஆணிகளை மெதுவாக நிமிர்த்துங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் செய்துகொண்டே வந்தார். பிறகு அட்டையை வெளியே உருவும் சத்தம் கேட்டது.

"அட்டைக்குப் பின்னாடி பென்சில் கோடு இருக்குட்டி" என்றார். "கோணலா ஒண்ணு போட்டு, அடிச்சிட்டு, நேரா ஒண்ணு போட்டிருக்கா. நேரா போட்டத விட்டுட்டு, அந்தக் கோணல்லயே வெட்டியிருக்கா பாரு."

பூனையை எடுத்துவிட்டு உன்னை வைத்த அன்று அந்த அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தவள் நான். அந்தக் கோடுகள் என் கண்ணில் படவே இல்லை.

"அழிச்சிராதீங்கம்மா" என்றேன். போனை வைக்காமலே நாங்கள் இருவரும் அழுதோம்.