பட்டன்காரி மேற்கே போகிறாள்

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாம் நாள். உட்காரும் இடமெல்லாம் புண். விடுதிக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கிழக்குக் கடலோரத்தில் எங்கள் ஊர், மேற்குக் கடலோரத்தில் மகள் வீடு. நடுவில் ஒரு நாடே கிடக்கிறது. அதைச் சைக்கிளில், தனியாக, ஐம்பத்து நான்கு வயதில் கடக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இருபது வயதில் கேரியரில் பட்டன் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு தையல் கடை தையல் கடையாக ஏறி இறங்கியவள் நான். 'பட்டன்காரி' என்று பெயர் வந்தது அப்படித்தான். பிறகு ஜிப், நூல்கண்டு, லைனிங் என்று மொத்த வியாபாரம் ஆனது. கடை வந்ததும் சைக்கிள் போயிற்று. மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசை.

இது ஊருக்குச் சொன்ன காரணம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கடையிலிருந்து ஃபோன் செய்தார்.

"பச்சை ஜிப் எங்க வச்சிருக்கே?"

"மேல் தட்டுல, வலது பக்கம்."

"சரி. வச்சிடட்டா?"

அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 7, சனி

நாள் முழுக்க எதிர்க்காற்று. மனிதர் என்றால் பேசிச் சரிக்கட்டிவிடுவேன். காற்றிடம் என்ன பேசுவது?

மார்ச் 12, வியாழன்

உண்மைக் காரணத்தை இங்கேயாவது எழுதுகிறேன்.

மகள் தன் ஊரில் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறாள். "இங்கயே வந்துடும்மா. நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கடை போடலாம். ஊர்ல இருக்கற கடையை அப்பா பாத்துக்கட்டும்" என்கிறாள். அவரிடம் சொன்னேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு பேச்சு முடிந்திருக்கும். அவரோ மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி, "உன் இஷ்டம்" என்றார்.

இருபத்தொன்பது வருஷம் ஒரே கல்லாவுக்குப் பின்னால் தோளோடு தோள் உரச உட்கார்ந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? உன் இஷ்டமாம்! அப்புறம் எனக்கு அங்கே என்னதான் இருக்கிறது?

ரயிலில் போனால் மறுநாளே மகளிடம் சரி என்று தலையாட்டிவிடுவேன். யோசிக்க நேரம் வேண்டும். அதற்குத்தான் சைக்கிள்.

மார்ச் 13, வெள்ளி

மழை. செயின் இரண்டு முறை கழன்றது. யோசனை ஒன்றும் ஓடவில்லை. நல்லதாயிற்று.

மார்ச் 18, புதன்

மலைப்பாதை. மேட்டில் இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். டீக்கடை வாசலில் ஒரு லாரிக்காரர் தன் ஜாக்கெட் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா? பையிலிருந்து குறடு எடுத்து, ஜிப்பின் ரன்னரை இரண்டு பக்கமும் மெல்ல ஓர் அழுத்து. சர்ரென்று ஏறியது.

"அக்கா, வீட்ல சண்டையா?"

"ஏன் கேக்கறீங்க?"

"சண்டை போடாதவங்க யாரு இந்த மேட்டுல சைக்கிள்ல ஏறுவாங்க?"

லாரியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். மாட்டேன் என்றேன். மற்ற வண்டிகள் என்னை ஓரங்கட்டாதபடி உச்சி வரை என் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்து அவரைத் திட்டினார்கள். உச்சியில் கை காட்டிவிட்டுப் போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.

ஃபோன் வந்தது: "கறுப்பு நூல் தீர்ந்துபோச்சா, இருக்கா?"

மார்ச் 22, ஞாயிறு

புண் தாங்கவில்லை. ஒரு சைக்கிள் கடையில் மெத்தென்று சீட் உறை தொங்கியது. பார்த்ததுமே மனசு அதில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் வியாபாரியாயிற்றே! பம்பைத் திருப்பிப் பார்த்தேன், மணியை அடித்துப் பார்த்தேன், போகிற போக்கில் கேட்பதுபோல, "இது என்ன, பஞ்சா?" என்றேன்.

கடைக்காரர் கொட்டாவி விட்டார். "எடுக்கறதுன்னா எடுங்க. உங்க இஷ்டம்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் சிரிப்பு. "அந்தம்மா நிக்க முடியாம நிக்கறாங்க. நீங்க ஆறு மாசமா அதை விக்க முடியாம தவிக்கறீங்க. எதுக்கு ரெண்டு பேரும் இப்படி நடிக்கறீங்க?"

மூவரும் சிரித்தோம். உறையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள், ஏறாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த மின்விசிறி!

சரக்கு பிடித்துவிட்டால் என் வீட்டுக்காரர் அண்ணாந்து விசிறியைத்தான் பார்ப்பார். வெல்வெட் நாடா கொள்முதல் செய்த அன்று கழுத்தே சுளுக்கிக்கொண்டது. முகத்தில் ஆசை தெரிந்தால் விலை ஏறிவிடும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஊரைவிட்டே போகலாமா என்ற பேச்சை, கடைக்குப் புது பல்பு வாங்க வேண்டும் என்பதுபோல அல்லவா சொன்னேன்? முதலில் வாயைத் திறக்கிறவருக்கு நஷ்டம் என்று இரண்டு பேரும் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறோம். வீட்டுக்குள் யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம்?

இன்னொன்று. அந்த ஜிப் அலமாரியை அடுக்கியதே அவர்தான். பச்சை எங்கே இருக்கிறது என்று அவருக்கா தெரியாது?

மார்ச் 23, திங்கள்

"முக்கால் இன்ச் எலாஸ்டிக் எங்க இருக்கு?"

"அது கெடக்கட்டும். எனக்கு உங்களத் தேடுதுங்க."

அந்தப் பக்கம் கல்லாப்பெட்டியைத் திறந்து மூடுகிற சத்தம். பிறகு, "கடையில ஆள் இருக்காங்க" என்றார். வைத்துவிட்டார்.

மடச்சி. மடச்சி. இந்த வயசுல எதுக்குடி உனக்கு இந்தப் பேச்சு?

மார்ச் 24, செவ்வாய்

ஃபோன் வரவில்லை. மிதித்தேன்.

மார்ச் 25, புதன்

காலை, கடையில் கூட்டம் நெரிகிற நேரம். அவர் ஃபோன். பாலத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எடுத்தேன்.

"என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கடைய மூடிட்டேன்."

"வேலை நாள்லயா?"

"அங்க உக்காந்தா வாயத் தொறந்தாலே ஜிப்பும் பட்டனும்தான் வருது. அதான் வீட்டுக்கு வந்துட்டேன். சமையல்கட்டுல தரையில உக்காந்திருக்கேன். தூக்கமே வரலை. உன் கொறட்டை இல்லாம வீடு ஓன்னு இருக்கு."

"யாரு கொறட்டை?"

"உன்னோடதுதான். இத்தனை வருஷமா சொல்லல."

சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை.

"போகாதேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ இருந்துடுவே. உன் ஆசையை நான் கெடுத்ததா ஆயிடுமில்ல? இப்ப சொல்றேன். வந்துடு. மனசு அங்கதான்னா அதையும் சொல்லு, இந்தக் கடையைக் கட்டிட்டு நான் அங்க வரேன். எங்க இருந்தாலும் உன் பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி போட்டுடு. போதும்."

பிறகும் பேசினோம். காற்று, மேடு, சீட் உறை, லாரிக்காரர். எல்லாவற்றையும் கேட்டார். சரக்கைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. பாலத்தடியில் படுத்திருந்த ஒரு நாய் எழுந்து வந்து, இவள் இன்னும் முடிக்கவில்லையா என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

மார்ச் 29, ஞாயிறு

கடல். முன்சக்கரத்தை அலையில் நனைத்தேன். மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "என்னம்மா இப்படிக் கறுத்துட்டே!"

சாப்பிட்ட பிறகு சொன்னேன், திரும்பிப் போகப் போகிறேன் என்று. அவள் முகம் வாடியது.

"அப்பா கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டார். அதுக்கு முன்னாடி நான்தான் வாயத் தொறந்தேன்."

"அப்ப கடை?"

"நீ போடு. சரக்கு நான் அனுப்பறேன். மகள்னு சலுகையெல்லாம் கெடையாது."

"தெரியுமே" என்று சிரித்துவிட்டாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. ஒரு வாரமாவது இருந்துவிட்டுப் போ என்றாள். சரி என்றேன்.

மார்ச் 31, செவ்வாய்

அடுத்த வாரத்துக்கு முன்பதிவு செய்ய ஸ்டேஷனுக்குப் போனேன். சைக்கிளை சரக்குப் பெட்டியில் ஏற்றத் தனிச்சீட்டாம். வந்த கதையைச் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அங்கேருந்து மிதிச்சே வந்தீங்களா! திரும்பவும் மிதிச்சுட்டே போக வேண்டியதுதானே?"

"கொஞ்சம் சீக்கிரம் போகணும்."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல. வீட்டுக்காரர் காத்திட்டிருக்கார்."

சொல்லிவிட்டு எனக்கே வெட்கம். பின்னால் வரிசையில் நின்ற பெண் களுக்கென்று சிரித்தாள். கவுண்டர்காரர் சிரிக்கவில்லை. "அப்படின்னா எதுக்கு அடுத்த வாரம்?" என்றார்.

நாளைக் காலை முதல் வண்டி. மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.