வளர்க்காத கிளிகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். உன் அப்பாவைப் பற்றியும் அதே சொல்லை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நிமோனியா. மூக்கில் ஆக்சிஜன் குழாய். நீ உள்காட்டு முகாமுக்கு மாறியதிலிருந்து, போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் அன்பாகச் சொல்கிறாள். இப்போதெல்லாம் என்னிடம் தவறாமல் பேசுகிறவள் அவள்தான். உன் ஆய்வு நிலைய அலுவலகத்தில் கொடுத்தால், சாமான் வண்டியில் கடிதம் உன்னிடம் வந்து சேருமாம்.

காட்டுக் கிளிகள் மனிதருக்கு நோய் கொண்டுவருமா என்று கண்டுபிடிக்க நீ காட்டுக்குப் போனாய். நீ போன பிறகு அப்பா பால்கனியில் சூரியகாந்தி விதை தூவ ஆரம்பித்தார். மகளைத்தான் பார்க்க முடியவில்லை, அவள் படிக்கிற பாடத்தையாவது பார்ப்போம் என்று நினைத்திருப்பார். கிளிகளுக்கு லீவு பிரச்சினை கிடையாது, கூப்பிட்டதும் வந்தன. கூட்டமாக வரும், தின்னும், சண்டை போடும், அசிங்கம் பண்ணிவிட்டுப் போகும். நம் சொந்தக்காரர்கள் மாதிரிதான். பிறகு அப்பா காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்குவார். தூசி பறக்கும். தும்முவார். "உன் ஆளுங்க வந்துட்டுப் போறாங்கம்மா" என்று ஒவ்வொரு போனிலும் உன்னிடம் சொன்னார். நீயும் ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டு, மீட்டிங் இருக்குப்பா என்றாய்.

வானொலியில் உன் பேட்டி வந்த அன்று மேல் வீடு, கீழ் வீடு எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பது ஆபத்து என்று அதில் நீ தெளிவாகச் சொன்னாயாம். நாடே கேட்டிருக்கிறது. அவர் மட்டும், "குரல் கம்மியிருக்கே, சளி பிடிச்சிருக்கோ?" என்று கடைசிவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

காய்ச்சலும் தலைவலியும் வறட்டு இருமலுமாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வீட்டில் பறவை ஏதாவது வளர்க்கிறீர்களா என்று டாக்டர் முறையாகவே கேட்டார். ஆயுள் முழுக்கக் கணக்குத் தணிக்கை அதிகாரிகளுக்குப் பதில் சொல்லி ஓய்வு பெற்றவர் உன் அப்பா. கேட்டதற்கு மட்டும் பதில். மேலே ஒரு சொல் கூடாது. "இல்லீங்க, எதையும் கூண்டுல அடைக்கிற பழக்கம் நமக்கு இல்ல" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. பக்கத்தில் நின்ற எனக்கும் அது சரியான பதிலாகவே பட்டது. கிளிகளை யார் வளர்த்தார்கள்? டாக்டர் வழக்கமான மருந்தை எழுதினார். வழக்கமான நோய்க்கு அது நல்ல மருந்துதானாம். இவருக்குக் கேட்கவில்லை, மூச்சு முட்டி வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று.

வழி பிறந்தது குடியிருப்புச் சங்கச் செயலாளரால். ஆரஞ்சுப் பழப் பையோடு பார்க்க வந்தவர், உட்கார்ந்ததும், "சார் எழுந்ததும் அந்தக் கிளிப் பட்டாளத்துக்கு ஒரு வழி பண்ணச் சொல்லுங்கம்மா, என் காருக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கு" என்று ஆரம்பித்தார். நோயாளி முன்னால் எதைப் பேசுவது என்ற நாகரிகம் மட்டும் அவருக்கு இருந்திருந்தால், இந்நேரம் நான் வேறு மாதிரிக் கடிதம் எழுதியிருப்பேன். பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் திரும்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டார். மருந்தை மாற்றினார். கிளி எச்சத்தின் தூசியால் வந்த நோய் என்றே சோதனை முடிவும் சொன்னது. காய்ச்சல் இறங்கிவிட்டது. நுரையீரல்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. இந்த வயதில் உறுதி சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

ஆக, உன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கொண்டுவரும். அதற்குக் காடு வரை போயிருக்க வேண்டாம்; நம் மூன்றாவது மாடிக்கு ஒரு முறை வந்திருந்தால் போதும்.

மகள் இதே துறை என்று தெரிந்ததும் டாக்டருக்கு ஆச்சரியம். அவங்க உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "சொல்லாம என்ன டாக்டர்? தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னா. நான்தான் கேக்கல" என்றார். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காதே, நனைத்துத் துடை, மூக்கை மூடிக்கொள் என்று முந்தின நாள் நர்ஸ் சொல்லிக்கொடுத்ததையெல்லாம், நீ போனில் திட்டியதாக மூச்சு வாங்க ஒப்பித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் வண்டி திரும்பும்போதே ஏறி வா. வந்து அழாதே, மன்னிப்பும் கேட்காதே. அவர் கட்டிலருகே நின்று, டாக்டர் காதில் விழும்படி, சொன்னா கேட்டாத்தானே என்று நன்றாகத் திட்டு. அவர் காது கேட்கும்போதே திட்டிவிடு.

நன்றாக இரு, மகளே.

உன் அம்மா