ஈயம் இல்லை என்றோம்

அண்ணை, உங்கள் பொய்யை என் வாயால் பிரெஞ்சில் சொல்லவைத்தீர்கள். அந்தப் பொய்தான் உங்களைக் கொன்றது.

நேற்று அக்கா, உங்கள் மனைவி, உங்கள் குளிர்கால ஜாக்கெட்டைத் தந்து, "ஆருக்கும் குடு பிள்ளை, உன்ரை அண்ணையின்ரை" என்றார். படியிறங்கும்போதே மோந்து பார்த்தேன். எரிந்த வெடிமருந்தின் வாடை. கைமடிப்புகளில் சாம்பல் நிறத் தூள். இதை யாருக்குக் கொடுப்பது? குப்பையில் போட்டேன்.

உங்களிடம் ரிவால்வர் இருந்தது நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் முழுவதிலும் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உரிமப் படிவங்களை நிரப்பியவள் நான். "சனத்துக்குச் சொல்லிப்போடாதை. உடனை இயக்கம் எண்டுவாங்கள்" என்றீர்கள்.

ஷெல் துண்டு பட்டு மடங்காமல் போன உங்கள் சின்னிவிரலுக்கு ஏற்றபடி அதன் மரப்பிடி செதுக்கப்பட்டிருந்தது. உள்ளே ஸ்பிரிங் மாற்றி, உரசும் இடங்களையெல்லாம் மெருகேற்றுவித்திருந்தீர்கள். "விசையை இழுத்துப் பார். நல்ல மெசினிலை ஊசி இறங்கிறமாதிரி." இருபது வருடம் தையல் ஆலையில் நின்றவருக்கு வேறு உவமை வராது. உங்கள் துப்பாக்கிச் சங்கத்தின் சுடுகூடத்தில் விருந்தாளியாக ஒருநாள் நானும் சுட்டேன். முதல் குண்டு இலக்குக் கடதாசியைத் தொடவேயில்லை. "கடதாசிக்கு ஆயுசு கெட்டி" என்று சிரித்தீர்கள். பிறகு சிரிக்காமல் சொன்னீர்கள்: "துவக்கு எண்டால் எப்பவும் எங்களைப் பாத்துத்தான் நிண்டது. இதுக்கு மட்டும்தான் நான் பின்னாலை நிக்கிறன்."

ஆலையில் வேலை நேரத்தை வெட்டினார்கள். சங்கத்தில் உறுப்பினராக இல்லாவிட்டால் ரிவால்வரை வைத்திருக்க முடியாது. சந்தா கட்ட வழியில்லை என்றபோது சங்கத் தலைவர் உங்கள் கையில் தும்புத்தடியைக் கொடுத்தார். சனி தோறும் சுடுகூடத்தைக் கூட்டினால் போதுமாம். "மோன் ஜெனரால்!", என் தளபதியே, என்று முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும். ஜன்னலில்லாத நிலவறை. அவர்கள் சுட்டுவிட்டுப் போன ஈயத்தூளை முகக்கவசமில்லாமல் மூன்று வருடம் மூச்சில் இழுத்தீர்கள். அவர்களில் ஒருவராவது அங்கே குனிந்து கூட்டியதுண்டா?

வயிற்றுவலி வந்தது. மணிக்கட்டு தொய்ந்தது. மருத்துவரிடம் மொழிபெயர்க்க நான் வந்தேன். அவர் கணினியைப் பார்த்தபடியே கேட்டார்: பற்றரி, பழைய பெயின்ட், ஈயம், இப்படி ஏதாவது புழங்குகிறாரா?

"இல்லையெண்டு சொல்லு."

"அண்ணை, சுடுகூடம்..."

"இல்லையெண்டு சொல்லு எண்டிறன்."

"நோன்" என்றேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மெட்ரோவில் விளக்கம் சொன்னீர்கள்: "ஓமெண்டால் எங்கை எண்டு கேப்பான். பேந்து உரிமத்தைப் பறிப்பாங்கள். இப்ப புதுசா வாங்கவும் சட்டமில்லை. போனால் போனதுதான்." ஈயத்தைச் சொன்னதற்காக யாரும் உரிமத்தைப் பறித்திருக்க மாட்டார்கள். அதை நான் விசாரித்தே அறிந்திருக்கலாம். விசாரிக்கவில்லை. உங்களுக்கு இருந்த ஒரே சந்தோசத்தைக் கெடுக்கப் பயந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்தபோது அதில் ஈயம் நிறைந்திருந்தது, சிறுநீரகம் இரண்டும் முடிந்திருந்தன. நீங்கள் போன அடுத்த வாரம் பொலிஸ் வந்து ரிவால்வரை எடுத்துச் சென்றது. வேறு யார் பெயருக்கும் மாற்ற முடியாதாம். காப்பாற்றிய பொருளும் மிஞ்சவில்லை.

இப்போது அந்தத் தும்புத்தடியோடு வேறொருவர் நிற்கிறார், போன மாதம் வந்த அகதி. சங்கத்தின் மேல் முறைப்பாடு எழுதி வைத்திருக்கிறேன். நடந்ததை முழுக்க எழுதினால் என் "நோன்" அதில் வரும். அனுப்பினால் அக்காவுக்குத் தெரியவரும். நேற்றும் கேட்டார்: "அந்த டொக்டர் அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மனுசன் தப்பியிருக்குமெல்லோ?" நான் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

அக்காவிடம் சொல்லட்டுமா அண்ணை? ஓமா, இல்லையா? இந்த முறை உங்கள் வாயால் சொல்லுங்கள்.