காலுக்குப் பூக் கேட்ட விவரம்

சேந்தமங்கலம்,
6.2.1984

அன்புள்ள மாமாவுக்கு,

பொன்னாயி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் பாப்பாவும் சுகம். ஆஸ்பத்திரியில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்க மாட்டேன். சாப்பிடுவதில்லை என்று உங்களோடு இருக்கும் தம்பி சின்னராஜ் முன்பே எழுதிவிட்டார்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. கேட்டிருந்தபடி கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டுவிட்டேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன். அவசரப்பட்டுக் கீழே பார்க்க வேண்டாம்.

குச்சிக்கிழங்கு பிடுங்கியாயிற்று, சேகோ மில் லாரி வந்து ஏற்றிப் போனது. மேல்காட்டு மோட்டார் கருகிவிட்டது. ராசப்பண்ணன் கழற்றிக்கொண்டு நாமக்கல் போயிருக்கிறார். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. பாப்பா உங்களைக் கேட்டுத்தான் அதற்குப் பேர் வைப்பாளாம். கன்று எழுந்து நின்றபோது சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு நினைவு வந்தது, அவ்வளவுதான். சந்தோஷம் வரவில்லை. அழுகையும் வருவதில்லை. ஏனாத்தா, கல்லாட்டம் இருக்கறியே என்று பக்கத்துக்காட்டு ராமாயி அக்கா கேட்டார். ஆமாங்கக்கா, அப்படித்தான் இருக்குது என்று சொல்லிவிட்டுச் சாணி அள்ளப் போய்விட்டேன்.

அங்கே உங்களைப் பார்க்கிற டாக்டரம்மா கேட்டதற்கு நீங்கள் பாதிதான் பதில் சொன்னீர்கள் என்று தம்பி எழுதியிருந்தார். நம் பக்கத்து ஜனங்களின் பாதங்களைப் போட்டோ எடுத்து, காலில் கறுப்புப் புள்ளியை எப்போது பார்த்தார்கள், ஏன் தாமதமாக வந்தார்கள் என்று விசாரித்து அவர் ஆராய்ச்சி பண்ணுகிறாராமே. மீதியை நான் எழுதுகிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

முந்தின வருஷம் பங்குனியில் மாரியம்மன் தீக்குண்டத்தில் வழக்கம்போல நீங்கள்தான் முதலில் இறங்கினீர்கள். மறுநாள் கால் கழுவும்போது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாக இருந்தது. வலி இல்லை. கங்கு பட்ட தழும்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது ஆத்தா வெச்ச பொட்டு சாமி, அதைச் சீண்டாதீங்க என்று வீரன் பூசாரி சொன்னார். உங்கள் பெரியம்மா ஆத்தாயி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செருப்புப் போட்டால் பொட்டு அழிந்துவிடும் என்று நீங்கள் செருப்பையே விட்டுவிட்டீர்கள். நான் தினமும் மஞ்சளும் திருநீறும் குழைத்துப் பூசினேன். மை சிந்தினாற்போல ஓரம் பரவியது. பொட்டு பெரிதாகிறது என்று ஊரில் பெருமையாகப் பேசினார்கள். போன பங்குனிக்கும் அந்தக் காலோடுதான் குண்டம் இறங்கினீர்கள். ஐப்பசியில் கிழங்குக் காட்டில் அது ரத்தம் கசிந்து, தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் சேலம் போனோம். தோலில் கறுப்பாக வருகிற புற்று, மெலனோமா என்று பேர், இதற்கென்றே பார்க்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், தள்ளிப்போடாமல் கிளம்புங்கள் என்றார் அந்த டாக்டர்.

குண்டத்து நெருப்பால் இது வரவில்லை என்று டாக்டரம்மா சொன்னாராம். அதைத் தம்பி அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். நான் படித்துவிட்டு அடுப்பு மூட்டினேன். எனக்கு ஆறுதலும் இல்லை, யார்மேலும் கோபமும் இல்லை.

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், நெறி கட்டியதையும் அறுத்து எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியும் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. பங்குனி முடிச்சுப்போட்டு வாரேனுங்க என்று கேட்டீர்களாம். அதுவரைக்கும் தாங்காது, மேலே ஏறிவிட்டால் காலை எடுத்தும் பயனில்லை என்று அவர் சொன்னாராம். அறுவைக்குப் பிறகு சிலருக்குப் புது மருந்து ஊசி போட்டும், சிலருக்குப் போடாமலும் பார்ப்பார்களாம். அதில் சேருவது நம் இஷ்டமாம். யாருக்கு ஊசி என்பதை மூடிய உறைக்குள் இருக்கும் சீட்டுத்தான் சொல்லுமாம். அந்த ஒன்றை மட்டும் நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள். படிச்சவங்களே சீட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள், நாமும் ஆத்தாவிடம் பூக் கேட்டுவிடலாம், வெள்ளை வந்தால் கையெழுத்து, சிவப்பு வந்தால் பஸ் ஏறிவிடுவேன் என்று எழுதிவிட்டீர்கள். நல்ல ஆள் நீங்கள்.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுப் போனேன். வீரன் பூசாரி நந்தியாவட்டையை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை ஒரு பொட்டலத்திலும் கட்டி ஆத்தாவின் காலடியில் போட்டார். குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வதுதான் வழக்கம். பாப்பாவைக் கூட்டி வாங்க என்றார். நான் மாட்டேன் என்றேன். வேண்டாத பூ வந்தால், அப்பனுக்கு நான்தான் அதை எடுத்தேன் என்று அவள் காலம் பூராவும் நினைத்துக்கொண்டிருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு நானே எடுத்தேன்.

சிவப்புதான் வந்தது.

பூசாரிக்கு முகம் செத்துவிட்டது. இன்னொருக்கா கேக்கலாமுங்க, தப்பில்லீங்க என்றார். வேண்டாம் என்றேன். வெள்ளை வருகிற வரைக்கும் கேட்பது என்றால் எதற்குக் கேட்க வேண்டும்? அப்புறம் அவரே குரலைத் தாழ்த்தி, வெள்ளைன்னு எழுதிப்போடுங்க சாமி, உங்க ஊட்டுக்காரர் கேட்டா நானும் அப்படியே சொல்லிப்போடறேன் என்றார். நல்ல மனுஷன். ஆனாலும் பொய் சொல்லி உங்கள் காலை எடுக்க வைத்துவிட்டு, நீங்கள் கட்டையை ஊன்றி வாசலுக்கு வரும்போது நான் எப்படி உங்கள் முகத்தைப் பார்ப்பேன்? அதனால் வந்தது வந்தபடி எழுதுகிறேன்.

நடை சாத்தும் முன்னால் ஆத்தாவிடம் பேசிவிட்டுத்தான் வந்தேன். பூசாரிக்கும் கேட்டிருக்கும். உனக்குக் குண்டம் எறங்க ஊரே இருக்குது ஆத்தா, எனக்கு ஆரிருக்கா என்றேன். இத்தனை வருஷம் நீ சொன்னதையெல்லாம் கேட்டேன், இதை மட்டும் கேக்க மாட்டேன் என்றேன். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

இந்த வருஷம் சின்னராஜ் தம்பி முதலில் இறங்கட்டும் என்று பூசாரியிடம் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். உரிமை நம் வீட்டிலேயே இருக்கும்.

புது மருந்துக்கு எந்தச் சீட்டு வந்தாலும் சரி. அதில் எது நல்லது என்று டாக்டரம்மாவுக்கே இன்னும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் சீட்டுப் போடுகிறார். காலைப் பற்றி அவர் சீட்டுப் போடவில்லையே மாமா. அதைத் தெரியும் என்று சொல்கிறார். தெரிந்தவர் சொல்வதைக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடாமல் பஸ் ஏறி வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் செருமல் கேட்டால் ஓடி வந்து திறந்துவிடுவேன், அது உங்களுக்கும் தெரியும். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். ஆத்தாவுக்குக் கோபம் இருந்தால் என்மேல் காட்டட்டும், உங்களைக் காப்பாற்றட்டும். ஒற்றைக் காலோடு வாருங்கள், உங்களுக்குச் சோறு வடித்து வைத்திருப்பேன். இரண்டு காலோடு மட்டும் வந்துவிடாதீர்கள்.

உங்கள்,
பொன்னாயி