எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிடாதே

அன்பு மகள் சுவாதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், கடையும் நலம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க அந்த மாரியம்மன் துணை இருக்கட்டும். நலம் என்று எழுதவே கை கூசுகிறது, இப்போது நம் வீட்டில் அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை பஞ்சாயத்து. போனில் பேசலாமே என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நீ இருமினால்கூட அதற்கு ஒரு யோசனை சொல்கிறார். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். மாப்பிள்ளை கண்ணில் படுவதற்கு முன்னால் நீ படித்துவிடு.

நேற்று நீ அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் ஆனால் ஒரு மாதத்துக்குள் பெண்டாட்டி பெயரைக் கம்பெனி இன்சூரன்சில் சேர்க்க வேண்டும், விட்டால் அடுத்த வருசம்தான் என்றாய். யார் யாருக்கு என்ன நோய் ஏற்கெனவே இருக்கிறது என்று பாரத்தில் கேட்கிறார்கள், அவரவர் பக்கத்தை அவரவரே நிரப்புவோம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார் என்றாய். அதற்கு உன் அப்பா, எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுரு தாயி, கழுத்துக் கட்டியை எழுதினா மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சு போகும்ல, என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பார். மதுரை டாக்டர் கெட்ட கட்டி இல்லை, ஆனால் வளர்கிறது, ஒரு வருசத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று சொன்னது அவர் காதில் விழவே இல்லை போலிருக்கிறது. இன்றைக்கு இல்லை என்று எழுதிவிட்டு நாளைக்கு ஆப்பரேசன் என்று போய் நின்றால் ஒரு பைசா தருவார்களா? இதை எழுதச் சொன்னவர் யார் தெரியுமா, பஞ்சு மூட்டையில் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்த்து, ஈரத்தை மறைச்சு எங்கிட்டயே தள்ளப் பார்க்கியா என்று கடைக்குப் பஞ்சு கொண்டுவருகிற சம்சாரிகளை வறுத்தெடுக்கிற அரிச்சந்திரன். பொண்ணு பார்க்க வந்தபோது உன் கழுத்தை மூட அகலமாக ஒரு அட்டிகை வாங்கி மாட்டியதும் அவர்தான். சம்பந்தி வீட்டார் நகையைப் பார்த்தார்களே தவிரக் கழுத்தைப் பார்க்கவில்லை என்று ஒரு வாரம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. விருதுநகரில் ஒரு வளைகாப்பு என்று பொய் சொல்லிவிட்டு இன்று காலையில் பந்தல்குடிக்குப் பஸ் ஏறிவிட்டேன். உன் மாமியாரிடம் நானே நேரில் உள்ளதைச் சொல்லிவிடுவது, வைதால் வாங்கிக்கொள்வது என்று முடிவு. தூத்துக்குடி லாரிகள் போகிற சத்தத்தில் நான் வாசலில் கூப்பிட்டது உள்ளே கேட்கவில்லை. உள்ளே உன் மாமியார் கோகிலாம்பாள் மதினி போனில் மகனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். ஏலே உதயா, சுகருன்னு எழுதித் தொலைச்சிராதடா, அந்தப் பிள்ளை கண்ணுல பட்டுரும்டா, இல்லைன்னு போட்டுருடா, என்கிறார். எனக்கு ஒரு நிமிசம் உன் அப்பாதான் எனக்கு முன்னால் பஸ் பிடித்து வந்து சேலை கட்டிக்கொண்டு நிற்கிறாரோ என்று சந்தேகமாகிவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தவர் முகத்தில் ரத்தம் இல்லை. வாங்க மதினி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவர் காப்பியோடு வர எவ்வளவு நேரம்! வந்ததும் நான் காப்பியைத் தொடாமலே, எங்க பிள்ளைக்குக் கழுத்துல கட்டி இருக்கு மதினி, மறைச்சுத்தான் கட்டிக் கொடுத்தோம், என்று சொல்லிவிட்டேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, எம் மகனுக்குக் காலேசு படிக்கையிலேயே சுகரு வந்துருச்சு, மாத்திரையை ஆபீசுல ஒளிச்சு வச்சு முழுங்கிட்டு இருக்கான், என்றார். மாப்பிள்ளை இனிப்பே தொடமாட்டார், எவ்வளவு அடக்கம் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்த அடக்கம் இதுதான். ரெண்டு பேரும் சிரித்தோமா அழுதோமா என்று எனக்கே தெரியவில்லை, காப்பி ஆறிப்போய்விட்டது. கிளம்பும்போது மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம், நமக்குள்ளேயே இருக்கட்டும், என்றார். நானும் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வந்து கை கால் கழுவியதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். அவரும் இந்நேரம் மகனுக்குப் போன் போட்டிருப்பார், எனக்குத் தெரியாதா.

அதற்கு முன்னால் உன் அப்பாவிடம் சொன்னேன். எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நோயை மறைச்சு நம்ம தலையில கட்டிட்டாக, நாளைக்கே போயி நாலு கேள்வி கேக்கேன், என்று குதித்தார். போங்க, போகும்போது மறக்காம அந்த அட்டிகையையும் எடுத்துட்டுப் போங்க, என்றேன். உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து விளம்பரத்தைக்கூட விடாமல் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

சுவாதி, இனி நான் சொல்வதைக் கேள். கம்பெனிக்கு எழுதுவதற்கு முன்னால் இன்றைக்கே மாப்பிள்ளையிடம் உன் வாயால் சொல். அவர் சுகரை நீயாகக் கேட்காதே, அவரே சொல்லட்டும், சொல்லும்போது புதிதாகக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள். அதன் பிறகு ரெண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், நல்ல நேரம் பார்க்கிறேன் என்று உன் அப்பா இழுத்தால் காதில் வாங்காதே. மதுரை டாக்டர் உனக்குக் கொடுத்த மாத்திரையை வேளைக்குப் போடு. மாப்பிள்ளைக்குச் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டிப் போடு, காரணம் சொல்லிக்கொண்டிருக்காதே. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அவர் கோபித்தாலும் கோபிக்கட்டும், பத்து நாள் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். கட்டின புருசன் முன்னால் கழுத்தைப் பொத்திக்கொண்டு நீ காலம் தள்ளுவதை நினைத்தால்தான் என் வயிறு எரிகிறது.

எல்லா நலமும் பெற்று ரெண்டு பேரும் நீண்ட ஆயுசோடு இருங்கள். ஆப்பரேசனுக்கு நாள் குறித்ததும் சொல், நான் வந்துவிடுவேன். இதை எழுதுவது உன் அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பின்னால் வந்து நின்று, புனேக்கு ரயில் மதுரையிலிருந்தே இருக்கா, ரெண்டு டிக்கெட்டாப் போடச் சொல்லு, என்கிறார்.

உன் அம்மா,
பொன்னுத்தாய்
பாளையம்பட்டி