ஊற்று எந்தக் கரையில்

ஜூன் 9, திங்கள்
விடாத மழை. எங்கள் தாகேதாப் பகுதியில் மின்சாரம் இல்லை. வாசல்படி வரை தண்ணீர்.
11 மணிக்கு மா தீரி வந்தார். நான் முதன்முதலில் அளக்கப் போன வடக்கத்தி ஆற்றைக் காப்பாற்ற மனு எழுதும் பெண். என்னைச் சயா, அதாவது ஆசிரியர், என்கிறார். நான் எதுவும் கற்றுத்தந்ததில்லை. வனத்துறை ஒரு கரைக் காட்டை மட்டும் காக்குமாம். மறு கரையில் மரம் வெட்டுவார்கள்.
"இருவாச்சிப் பாறையும் வெந்நீர் ஊற்றும் எந்தக் கரை சயா? ரோடு மூடிக் கிடக்கு, யாரும் போய்ப் பார்க்க முடியாது. உங்க குறிப்பேடுதான் இருக்கு."
பக். 31: "இடது. செங்குத்துப் பாறை, மேலே மரப்பொந்துகளில் இருவாச்சிக் கூடுகள், அடியில் வெந்நீர் ஊற்று."
இடது என்றேன். எழுதிக்கொண்டார்.

ஜூன் 10, செவ்வாய்
தூக்கமில்லை. காரணம் விடிந்தபின் புரிந்தது. விதி: தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இடது கரை. நாங்கள் போனதோ எதிர்த் திசையில், மேல்நோக்கி. அப்போது எனக்கு வயது 23. நான் எழுதியது என் இடக்கையா, ஆற்றின் இடக்கையா?
திரும்பியதும் மேலதிகாரி கரை மாற்றி எழுதியதற்காகவே திட்டினார். பிறகு திருத்தினேனா? அழித்த தடம் இல்லை. ஆனால் இந்த ஏடே திருத்தி எழுதிய நகலாக இருக்கலாம்.
மருமகள் மீனா: "ஆத்துக்கே தெரியாது மாமா, எது இடது எது வலதுன்னு. உங்களுக்கு என்ன? சாப்பிடுங்க."
இரத்த அழுத்த மாத்திரை போட்டேனா, தெரியவில்லை.

ஜூன் 11, புதன்
திருத்தியிருப்பேன்: ஒழுங்கானவன்.
திருத்தியிருக்க மாட்டேன்: பயந்தவன். திட்டு வாங்கிய ஏட்டைத் திறந்தே இருக்க மாட்டேன்.
இரண்டும் உண்மை.
அன்றைய படகுக்காரர் ஊ துன் இருக்கிறாராம், நகரின் மறுகோடியில், லைங் தாயாவில் மகள் வீட்டில். மீனா எண் வாங்கித் தந்தாள். இன்று கூப்பிடவில்லை.

ஜூன் 12, வியாழன்
கூப்பிட்டேன். கத்திப் பேச வேண்டியிருந்தது.
"ஊத்துப் பக்கம் ஒரே நிழல் சயா. சூரியனையே பாறை மறைச்சிடுச்சு. இருட்டா கிடந்துச்சு, புலி வருமான்னு கேட்டீங்களே. வந்தா உங்களைத்தான் முதல்ல தின்னும், நீங்கதான் குண்டுன்னேன்."
கேட்டிருப்பேன். இருட்டு என்றால் சாயங்காலம். ஆக, அஸ்தமிக்கிற சூரியன் பாறைக்குப் பின்னால். பாறை மேற்கே. ஆறு அங்கே தெற்கு நோக்கி ஓடுகிறது. தெற்கே பார்த்தால் மேற்கு வலக்கை. அடுக்களையில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வலது.
மா தீரிக்குப் போன்.
"காலையிலேயே மனுவைக் கொடுத்துட்டேனே சயா." தாள் புரட்டும் சத்தம். "உங்க கையெழுத்தோட கடிதம் தந்தா மாத்தலாம். நாளைக்கு அஞ்சு மணிதான் கெடு."

ஜூன் 13, வெள்ளி
கடிதம் நான்கு வரி. இடது என்றது என் தவறு, வலது.
மா தீரி குடையை மடக்காமலே கேட்டார்: "உறுதிதானே சயா? வெட்டினா வெட்டினதுதான்."
உறுதி என்றேன். வாங்கிக்கொண்டு போனார்.
மனம் கேட்காமல் ஊ துன்னை மறுபடி கூப்பிட்டேன். பாறை மறைத்தது சாயங்காலச் சூரியன்தானே?
"காலையில சயா. சாயங்காலம் நாம அங்க இல்லவே இல்லை."
அப்படியானால் பாறை கிழக்கே. இடது. அல்லது அவருக்கும் மறதி.
மணி 3.40. மா தீரி போனை எடுக்கவில்லை. குடை எடுத்தாகிவிட்டது. வனத்துறை அலுவலகத்தில் போய் நின்று, எனக்குத் தெரியாது, ரோடு திறக்கும்வரை இரண்டு கரையையும் தொடாதீர்கள் என்று கேட்க வேண்டும். இதுவரை எந்த அலுவலகத்திலும் எதையும் கேட்டதில்லை.